கொடி எண் ஒன்பது

நகரமன்ற நிலவறையில்
இரண்டாம் புதன், மாலை ஏழு மணி.
கொதிகலன் இருமுகிறது.
நான் குறிப்பெழுதுகிறவள். எனக்கு வாக்கில்லை.

மனுதாரர்: டெல்ஃபின் ஆர்ருடா,
முப்பத்தொன்று, டானர் சந்து, வெஸ்ட் டாரோ, மாசசூசெட்ஸ்.
வீட்டின் முன்னுள்ள குளத்தைத் தூர் வார வேண்டும்.
நாற்பதடிக்கு ஒரு படகுத்துறை வேண்டும்.
அண்டையார் பதினொருவருக்கும்
பதிவுத் தபால் போயிற்று.
பத்துப் பச்சை அட்டைகள் கையெழுத்தோடு திரும்பின.
பதினோராவது ஆள், வெண்டல் ப்ரூயிட்,
அட்டைக்குப் பதிலாகத் தானே வந்திருந்தார்.

குளத்தோடு கோபித்துக்கொண்டு
கால் கழுவாமல் போனவன் கதை ஒன்று உண்டு.
இவருக்குக் கோபம் டெல்ஃபினோடு.
கால் மட்டும் கழுவியிருக்கவில்லை.
"கொட்டகைக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன்,
நேரே வருகிறேன்" என்று
பூட்ஸ் நிறையச் சேற்றோடு
என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

சனிக்கிழமையே இடத்தைப் பார்த்துவிட்டோம்.
அவள் அமர்த்திய நிபுணர்
புதருக்குப் புதர் ரோஸ் நாடா கட்டி
எண் போட்டிருந்தார்:
ஈரநிலம் இதோடு முடிகிறது என்று.
அங்கிருந்து நூறடிக்கு
எங்களைக் கேட்காமல் ஒரு வேலிக்கால் ஊன்றக்கூடாது.

ஒன்பதாம் கொடியருகே
தலைவி ஹெப்சிபா லோரிங் துளைக்கருவியைத் திருகினார்.
மேலே கறுப்பு.
பிறகு சாம்பல், சாம்பலுக்குள் துருப்புள்ளிகள்.
மாவின் பதம் பார்ப்பவர்போல விரலில் பிசைந்து
நிற அட்டைகளோடு ஒப்பிட்டார்.
ஒன்றும் சொல்லாமல் மேட்டில் ஏறினார்.
புல்தரையில் திருகினார்: சாம்பல்.
ஊஞ்சலுக்குப் பக்கத்தில்: சாம்பல்.
சமையலறை ஜன்னலுக்குக் கீழேயும்
அதே சாம்பல், அதே துரு.

நீர் நிற்கும் இடம் கரையல்ல.
ஆகஸ்டில் நீர் எங்கோ நடுவில் சுருண்டு கிடக்கும்.
மண்ணில் கறை எதுவரையோ
அதுவரை கரை.

"வாங்கும்போது நீர்முகப்பு என்றார்கள்," என்றாள் டெல்ஃபின்,
"வரியும் நீர்முகப்புக்குத்தான் கட்டுகிறேன்.
முகப்பு இருக்கிறது.
நீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை.
இப்போது என் அடுப்பே சதுப்பில் நிற்கிறதா?"

வெண்டல் ஒரு புகைப்படம் நீட்டினார்:
மஞ்சள் புள்ளி ஆமை, அரிய இனம்.
ஆமையா கல்லா என்று வாக்கெடுத்தார்கள்.
மூன்றுக்கு இரண்டு. ஆமை.

பிறகு ஆய்வக அறிக்கை.
அடிச்சேற்றில் பாதரசம்.
எப்போதோ தொப்பித் தொழிற்சாலைக்காரர்கள்
ஓடையை மறித்துக் கட்டிய குளம் இது.
அன்று மனு இல்லை, நாடா இல்லை,
யார் வீட்டுக்கும் பச்சை அட்டை போகவில்லை.
தொப்பிகள் போய்விட்டன.
வாரினால் விஷம் கிளம்பும்,
வாராவிட்டால் குளம் தூர்ந்து புல்லாகும்.
வாரிய சேற்றை எந்த ஊர் வாங்கும்?

"அப்படியானால் எதைக் காப்பாற்றுகிறீர்கள்," என்றாள்,
"குளத்தையா, அதற்கு முன்னிருந்த ஓடையையா?"

கொதிகலன் இருமியது.
"கேள்வி பதிவு செய்யப்பட்டது" என்று எழுதினேன்.
ஒன்பதாம் கொடியை நகர்த்தி நடவும்.
தவளைகள் முட்டையிட்டு முடியும்வரை
எந்த இயந்திரமும் இறங்கக்கூடாது.
விசாரணை ஏப்ரல் ஒன்பதுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.
ஐந்துக்குப் பூஜ்யம்.

எல்லோரும் போனபின் நாற்காலிகளை மடக்கினேன்.
வெண்டல் உட்கார்ந்த இடத்தில்
பூட்ஸிலிருந்து உதிர்ந்த கட்டிகள்
காய்ந்து கிடந்தன.
கூட்டி முறத்தில் அள்ளி
விளக்கடியில் பார்த்தேன்.

சாம்பல்.
துருப்புள்ளிகள்.

கொட்டகைக்கு அவர் மனுப் போட்டதாக
என் கோப்புகளில் எதுவுமில்லை.

குப்பைத்தொட்டிக்கு முன்
முறத்தோடு கொஞ்சநேரம் நின்றேன்.